முத்தையா ஊற்றாத வெந்நீர்

மகனே,

"அன்புள்ளன்னு போடட்டுமா மாமா?" என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உன் பெண்டாட்டி கேட்டாள். வேண்டாம், வெறும் மகனே போதும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எழுதத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. காதில் விழுந்ததை மறக்கவும் தெரியாது. லீவில் வந்த ஆள் கையில் நீ கொடுத்தனுப்பிய நாலு பக்கக் கடிதத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் வாசித்தாள். அதுவும் மூன்றாம் பக்கத்தின் நடுவிலே நிறுத்தி, எழுந்து உள்ளே போய், பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்துதான் மீதியை வாசித்தாள். அந்த நாலு பக்கமும் எனக்கு இப்போது மனப்பாடம். உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன், கேள்.

முதல் பக்கம் முழுக்க உன் கோட்டு. குவெட்டாக் குளிருக்குப் பட்டாளத்தில் உனக்குக் கணுக்கால் வரை கம்பளிக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள், கைக்கு உறை, காலுக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை. இரண்டாம் பக்கம் முழுக்க உன் வண்டி. ஆற்றுத் தண்ணீரை இறைத்துச் சுத்தம் பண்ணிச் சிப்பாய்களுக்குக் கொடுக்கிற பம்பு வண்டி. அதற்கு இங்கிலீஷில் ஒரு புத்தகம். அதை நீ ஒருவன்தான் வாசிப்பாய். உன் கிளீனர் வேலாயுதனுக்குத் தன் பெயரைக்கூட வாசிக்கத் தெரியாது. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பம்பு செத்தது. ரேடியேட்டர் தண்ணீரை ஒழுங்காகத் திறந்துவிட்டாயாம். பம்பின் அடித்திருகைக் கழற்ற வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், தரையெல்லாம் பனி, கோட்டு நனையும். "கொஞ்சம் தண்ணீர்தானே, உறைந்தால் விடிந்ததும் உருகிவிடும், நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் போல என்று நினைத்தேன்" என்று எழுதியிருக்கிறாய். காலையில் பம்பின் வயிறு ஒரு சாண் நீளத்துக்கு விரிந்து, வெடிப்புக்குள்ளிருந்து ஐஸ் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. உடனே உனக்கு நான் சொல்லும் முத்தையா கதை ஞாபகம் வந்ததாம். வேலாயுதன் வெந்நீர் ஊற்றி உடைத்துவிட்டான் என்று ஒரு தாள் எழுதினாய். சாமான் வந்து சேர்ந்ததற்கு ரசீது என்று சொல்லி அவன் பெருவிரலை அதில் அமுக்க வைத்தாய். மாதக் கடைசியில் அவனுக்கு விசாரணை, அதுவரை உன் பக்கத்துக் கூடாரத்தில் காவல். பட்டாளத்துச் சாமானை அழித்ததற்குச் சிறை, அப்புறம் கெட்ட பெயரோடு ஊருக்கு. நாலாம் பக்கத்தில், "அப்பா, உங்கள் முத்தையா கதை நல்ல நேரத்தில் கைகொடுத்தது" என்று எனக்கு நன்றி.

நன்றியாம். அந்தச் சொல்லைக் கேட்டபோது என் கையில் ஒரு மட்டிப்பழம் இருந்தது. எங்கிருந்து வந்த பழம் தெரியுமா? வித்துராவிலிருந்து. முந்தின நாள் காலை முதல் பஸ்ஸில் வேலாயுதன் பெண்டாட்டி பெரிய சீப்பாக ஒரு படலைப் பழத்தைச் சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கரமனைக்கு நம் வீடு தேடி வந்திருந்தாள். நாற்காலியைக் காட்டினால் உட்காரவில்லை. "இருக்கட்டும் மாமா, எனக்கு இப்பவே திரும்பணும். அண்ணன் அங்க கூட இருக்குன்னா எனக்கு ஒரு சமாதானமாக்கும். எங்க ஆளுக்கு எழுத்து அறியாது, தெசை அறியாது. உங்க மோன் இருக்கப்போய் அல்லவா நான் ராத்திரி உறங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன். அவள் கொண்டுவந்ததில் நாலு பழம் தின்றேன். ஐந்தாவதை உரிக்கும்போது உன் கடிதம் வந்தது. உரித்ததைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. இங்கே வாசலில் அது ஒரு பகல் முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

எட்டாம் வகுப்பு வரை மகாராஜா பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து, அதற்கு மேலும் இரண்டு வருஷம் இங்கிலீஷுக்குத் தனியாக வாத்தியார் வைத்து, உன்னை நான் எதற்குப் படிக்க வைத்தேன்? படிக்காதவன் விரலைப் பிடித்து அமுக்கவா? அந்தப் புத்தகத்தில் அடித்திருகைப் பற்றி ஒரு வரி இல்லாமலா இருக்கும்? அதை நீ வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்காமல் விட்ட வரிக்கு, வாசிக்கத் தெரியாதவன் ஜெயிலுக்குப் போகிறான். கணுக்கால் வரை உனக்குக் கோட்டு. பம்புக்கு ஒரு சாக்குத் துண்டு போர்த்த உனக்குத் தோன்றவில்லை. உன் போட்டோவை மருமகள் சுவரில் மாட்டியிருந்தாள். இப்போது அது பெட்டிக்குள் இருக்கிறது. நான் சொல்லவில்லை, அவளாகவே எடுத்து வைத்தாள்.

சரி, உன்னைத் திட்டினது போதும். உன்னைவிடக் கேவலமான ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. முத்தையா கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். உன் கல்யாணப் பந்தலில்கூடச் சொன்னேன். மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட், கொதிகலனுக்கு விறகு போடுகிற முத்தையா என்ற முட்டாள் கிழவன், உறைந்த பம்பில் வெந்நீரை ஊற்றி வெடிக்க வைத்தான், துரை அவனை மலையை விட்டே விரட்டினார். காலை அகட்டி அகட்டி நடக்கிற அவன் நடையை நான் நடந்து காட்டுவேன், பந்தல் சிரிக்கும். நீ சின்ன வயதில் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்பாய். அந்தக் கதையில் எஸ்டேட் உண்மை, பம்பு உண்மை, கிழவன் உண்மை. மீதி பொய். வெந்நீரை ஊற்றினது நான்.

அப்போது உனக்கு மூன்று வயது. சாலைக் கடைத்தெருவில் இருந்த ஒர்க்ஷாப்பில் எனக்கு டிரைவர் வேலை. எஸ்டேட் பாக்டரிகளுக்குப் போய்க் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றிச் சோதித்து, இஞ்சினைச் சரிபார்த்துக் கொடுக்கிற வண்டி. உள்ளே பம்பு, பேட்டரி, கண்ணாடி அளவுக்குழாய், திருகுச் சாவிகள், எண்ணெய் டின்கள் என்று நடமாடும் பட்டறை. திருவனந்தபுரத்துக்காரன் நான், மார்கழி விடியலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பதுதான் எனக்குத் தெரிந்த குளிர். அந்த மலையில் முதல் நாள் சாயங்காலமே புல் நுனியெல்லாம் விறைக்கத் தொடங்கிவிட்டது. ரேடியேட்டரைத் திறந்துவிட்டேன், அது ஒர்க்ஷாப்பில் சொல்லியனுப்பியிருந்தார்கள். பம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொன்னது முத்தையா மட்டும்தான். கொதிகலன் கொட்டகையிலிருந்து அகட்டி அகட்டி நடந்து வந்தான்.

"டிரைவரய்யா, பம்பு வயித்துத் தண்ணிய எறக்கியாச்சா?"

"அதுல என்ன கெடக்கு, ஒரு செம்புத் தண்ணி. கட்டியானா ஆகட்டும். எங்க ஊர்ல குப்பியில எண்ணெயே கட்டியாவும்வே. வெயில்ல வச்சா உருகிப்போவும்."

"எண்ணெய் கட்டியானா சுருங்கும்லா. தண்ணி அப்படியில்ல, வீங்கும். நான் இங்க இருவது குளிர் பாத்தாச்சு. பித்தாளைச் செம்பு வெடிச்சதையும் பாத்திருக்கேன்."

"செம்பு வெடிக்கும், ஓட்டை செம்பா இருக்கும். நீரு அடுப்ப ஊதும், நான் வண்டிய பாத்துக்கிடுதேன்."

அப்படித்தான் சொன்னேன். விறகு போடுகிற கிழவன், நகக்கண்ணெல்லாம் கரி, அவன் எனக்கு மோட்டார் சொல்லித்தருவதா? நம்மூர்க்காரனுக்குக் கட்டியாவது என்றால் தேங்காய் எண்ணெய்தான். வெள்ளை வெளேரென்று குப்பிக்குள் இறங்கி, நடுவில் குழி விழுந்து நிற்கும். அடுப்புப் பக்கம் வைத்தால் இளகிவிடும். குப்பிக்கு ஒரு கீறல் விழாது. பிறந்ததிலிருந்து அதையே பார்த்தவன் உலகத்தில் எல்லாமே அப்படித்தான் உறையும் என்று நினைத்தேன். அந்த மடத்தனத்துக்கு நான் வெட்கப்படவில்லை. பார்க்காததைத் தெரியாமலிருப்பது குற்றமில்லை. இருபது குளிரைப் பார்த்தவன் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன் பார், அது குற்றம்.

காலையில் வண்டிக் கதவைத் திறந்தேன். நீ பார்த்ததையேதான் நானும் பார்த்தேன்: விரிந்த வயிறு, வெடிப்பில் நாக்கு நீட்டிய ஐஸ். அதைப் பார்க்கிற எவனுக்கும், ராத்திரி தண்ணீரை இறக்காமல் விட்டவன் டிரைவர் என்று தெரிந்துவிடும். ஐஸை மறைக்க வேண்டும், அதுதான் என் யோசனை. கொட்டகைக்கு ஓடினேன். முத்தையா குளிக்க வைத்திருந்த வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினேன். நாக்கு கரைந்து போனது. வெடிப்பு மட்டும் நின்றது. பானை வண்டிப் படியில் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போதே துரையும் கணக்கப்பிள்ளையும் வந்துவிட்டார்கள்.

"யாருவே வெந்நீ ஊத்துனது? விறைச்ச இரும்புல வெந்நீ ஊத்துனா வெடிக்கும்னு தெரியாதா?" என்றார் கணக்கப்பிள்ளை. எனக்கு அதுவரை அப்படி ஒரு வழி இருக்கிறது என்றே தெரியாது. அவரே எடுத்துக் கொடுத்தார். "பானை யாருது?" என்று அடுத்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை மகனே, கொட்டகைப் பக்கம் தாடையைத் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான். பானை முத்தையா பானை, வெந்நீர் முத்தையா வெந்நீர். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் பானையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெடிப்பைப் பார்த்தான். வெடிப்பின் விளிம்பு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. உள்ளிருந்து தள்ளினது எது என்று அவனுக்குத் தெரியும். அப்புறம் என் முகத்தைப் பார்த்தே, "நான்தான் போலிருக்கு" என்றான். ஏன் சொன்னான் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. துரை முன்னால் ஒரு டிரைவர் பேச்சுக்கு எதிராக விறகுக்காரன் பேச்சு நிற்காது என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம்.

அன்றைக்கே அவனை மலையை விட்டு இறக்கிவிடச் சொன்னார்கள். எதில் இறக்கினார்கள் தெரியுமா? என் வண்டியில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் ஒரு துணி மூட்டை, மூட்டை மேல் கூடைக்குள் ஒரு கோழி. அடிவாரம் வரை வளைவு வளைவாக இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் கோழி சரியும், அவன் பிடித்துக்கொள்வான், பிடித்துக்கொண்டு எனக்கு நன்றி சொல்வான். "நீங்க இல்லேன்னா நான் இந்த மலைய நடந்துல்லா எறங்கணும்." அடுத்த வளைவிலும் அதே பேச்சு. குத்திக் காட்டுகிறானா, மனசாரச் சொல்கிறானா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மனசாரத்தான் சொன்னான் என்று இப்போது நினைக்கிறேன். வித்துராக்காரி பழத்தோடு வந்து நின்றபோது அவன் குரலே கேட்டது, அவள் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். அது ஏன் எனக்குக் கேட்டது என்று அடுத்த நாள் உன் கடிதம் வந்ததும் தெரிந்துகொண்டேன்.

அடிவாரத்தில் இறங்கினவன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போனான். பம்பைத் தட்டிக் காட்டினான். "டிரைவரய்யா, இனி அடித்திருகைக் கழட்டி விடுங்க. அப்படியே விட்டுட்டுப் போயிராதீங்க. தண்ணி நின்ன பொறவு கைப்பிடிய நாலு சுத்து சுத்துங்க, இன்னும் ஒரு கை தண்ணி வரும். அந்த ஒரு கைதான் வெடிக்க வைக்கும். திருகைத் திருப்பி மாட்டாதீங்க, வெறும் வயித்தோட கெடக்கட்டும்." சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அகட்டி அகட்டி நடந்து போனான். தன் வயிற்றில் அடித்தவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனை நான் வெறுத்தேன். எரிச்சல் தாங்காமல் அவன் போன பிறகு ஹாரனை இரண்டு தடவை அமுக்கினேன். அவன் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான்.

அதற்கப்புறம் பதினெட்டுக் குளிர் அந்த மலைக்கு வண்டி கொண்டு போனேன். ஒரு சாமான் உடையவில்லை. அடித்திருகு, நாலு சுற்று, திறந்த வயிறு. கண்ணாடி அளவுக்குழாயைக் கழற்றித் துணியில் சுற்றி என் படுக்கைக்குக் கொண்டு போவேன். பேட்டரியைப் பட்டினி போடமாட்டேன்; சார்ஜ் நிறைந்த பேட்டரி உறையாது, காலியானதுதான் உறைந்து உடையும். சாக்கு, வைக்கோல், பழைய போர்வை எல்லாம் பம்புக்கு. ஒர்க்ஷாப்பில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்துப் பாராட்டினார்கள். இதோ இந்த நேரத்திலும் தலைக்கு மேலே அடிக்கிறது அந்தக் கடிகாரம்தான். அதைக் கையில் வாங்கும்போது யார் சொல்லித்தந்த வேலை என்று கேட்டார்கள். சொந்தப் புத்தி என்றேன்.

உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது எல்லாம் சொல்லித்தந்தேன். அந்த நாலு சுற்றை மட்டும் சொல்லித்தரவில்லை. ஏன் தெரியுமா? அதைச் சொன்னால், பம்பு உள்ளிருந்து வெடிக்கும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் முத்தையா வெந்நீர் கதை நிற்காது. கதையைக் காப்பாற்ற வேலையை மறைத்தேன். தம்பானூர் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்ட அன்றுகூட ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, பம்புல வெந்நீ மட்டும் ஊத்திராத, முத்தையா மாதிரி" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அங்கே போய் வெந்நீர் ஊற்றாமல் இருந்தாய், விடிந்ததும் தானாக உருகும் என்று பெருமையாகக் காத்திருந்தாய், பம்பு செத்தது. உன் பம்பை உடைத்தது குவெட்டாப் பனி இல்லை. முப்பது வருஷமாக நான் சொல்லிவந்த பொய்தான். அந்த அளவுக்கு உன் மேல் குற்றமில்லை. பம்பு வெடித்ததற்கு என் அப்பாதான் பொறுப்பு என்று எந்த அதிகாரியிடமும் சொல்லிக்கொள். ஆனால் வேலாயுதன் விரலை நான் பிடிக்கவில்லை. அது உன் கை.

என்னையும் உன்னையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் தாடையைத்தான் தூக்கினேன், நீ எழுதியே கொடுத்தாய். படிப்பு உனக்குக் கொடுத்த லாபம் அவ்வளவுதான். முத்தையா நான் செய்ததைத் தெரிந்துதான் வாயை மூடினான். வேலாயுதனுக்கு விரலை வைக்கும்போது தான் எதை ஒத்துக்கொள்கிறோம் என்றே தெரியாது. முத்தையா எந்த ஊருக்குப் போனான், இருக்கிறானா செத்தானா, எனக்குத் தெரியாது. ஒரு தடவை தென்காசிப் பக்கம் போனபோது விசாரிக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தேன், விசாரிக்கவில்லை. இனி என்னால் அவனிடம் போய்ச் சொல்ல முடியாது. உன் ஆள் உன் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரத்தில் காவலில் உட்கார்ந்திருக்கிறான். நீ எழுந்து நடந்தால் நூறு அடி.

மருமகள் இதுவரை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "அந்தப் பந்தல்ல நானும் சிரிச்சேனே மாமா" என்றாள். பிறகு, "அவர் மாட்டிக்கிட்டா அவருக்கும் ஜெயில்தானே?" என்று கேட்டாள். "இருக்கலாம்" என்றேன். "அப்ப இந்தக் கடிதாசிய அனுப்பணுமா?" "நீ சொல்லு, அனுப்பணுமா?" என்றேன். அவள் எழுந்து போய் வேலாயுதன் பெண்டாட்டி விட்டுப்போன துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். அப்புறம், "முதல்ல ஒரு தந்தி அடிச்சிருவோம் மாமா. கடிதாசி போய்ச் சேர பத்து நாள் ஆவும். அந்தப் பத்து நாள் அவருக்குக் கெடைக்கட்டும். அவரே போய்ச் சொன்னாருன்னு இருக்கட்டும்" என்றாள். உன்னைவிட அவளுக்குப் புத்தி இருக்கிறது, என்னைவிட இரக்கமும் இருக்கிறது. அவள் சொன்னபடியே செய்தோம். தபாலாபீஸில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்கள். "வேலாயுதன் விஷயத்தில் உண்மையைச் சொல். கடிதம் வருகிறது. அப்பா." இந்நேரம் அது உன் கையில் இருக்கும்.

தபாலில் போட்டால் பட்டாளத்தில் உடைத்துப் பார்ப்பார்கள் என்றுதானே உன் கடிதத்தை ஆள் கையில் கொடுத்தனுப்பினாய்? இதை நான் தபாலில்தான் போடுகிறேன். மருமகள் பசை எடுத்துக்கொண்டு வந்தாள், ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடைக்கிற சிரமம் யாருக்கும் வேண்டாம். தமிழ் தெரிந்தவன் எவனாவது அங்கே இருந்தால் வாசிக்கட்டும். நீ முந்திக்கொண்டால் அவன் வாசிக்கும்போது இது பழைய சேதியாக இருக்கும். முந்திக்கொள்ளாவிட்டால் உன் பாடு. நாளைக்கு முதல் பஸ்ஸில் நான் வித்துராவுக்குப் போகிறேன். துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் நின்றுகொண்டு கேட்கட்டும், உட்கார்ந்து கேட்கட்டும், அவள் புருஷன் ஒன்றும் செய்யவில்லை என்று என் வாயால் சொல்லப் போகிறேன். நீ சொல்லிவிட்டாய் என்று சேர்த்துச் சொல்ல எனக்கு ஆசைதான். தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

வேலாயுதனுக்கு இந்தக் கடிதத்தை நீயே வாசித்துக் காட்டு. ஒரு வரி விடாதே. அடித்திருகையும் நாலு சுற்றையும் அவனுக்குச் சொல்லிக்கொடு. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் முத்தையா என்று சொல்.

மருமகள் முழுவதையும் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். முதல் தடவை "கேவலமான" என்ற வார்த்தையை விட்டுவிட்டு வாசித்தாள். கண்டுபிடித்து, மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் கீழே என் பெருவிரலை அமுக்குகிறேன்.